மாத்திரை போட்டியா?

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை எடுத்தால் நன்றாக இருக்கிறான். நான்கைந்து மாதத்தில் நிறுத்திவிடுகிறான். கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறான். நன்றாகப் படித்தவன். இது பிடிவாதமா? அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில். செய்யலாமா?
ர.

அன்புள்ள ர.,

கலக்காதீர்கள். ஒருநாள் தெரிந்துவிடும். தன்னை யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று ஏற்கெனவே பயப்படுகிறவருக்கு நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுக்க வேண்டாம்.

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிடிவாதமும் இல்லை, தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவது இந்த நோயில் பலருக்கு உண்டு. அதை விடுங்கள். அந்த மாத்திரை அவரை என்ன செய்கிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்? கேட்டீர்களா?

என் சித்தப்பாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. உட்காருவார், உடனே எழுவார். நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி மிதிப்பார். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டி மருத்துவரிடமும் அப்படியே சொன்னார்கள். மருந்தின் அளவு கூடியது. கால்கள் இன்னும் பதறின. சித்தப்பா மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்பத் தொடங்கினார். அப்புறம் பார்த்த ஒரு மருத்துவர்தான் எங்களை விட்டுவிட்டு அவரிடம் கேட்டார். "உள்ளே ஏதோ ஓடுது, நிக்க விடமாட்டேங்குது" என்றார் சித்தப்பா. அது நோய் அல்ல, அகதீசியா. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளின் பக்கவிளைவு. அளவைக் குறைத்து, ப்ரொப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்த்ததும் அடங்கியது.

ஒலான்சபின் உடம்பைப் பெருக்க வைக்கும். லித்தியம் கையை நடுங்க வைக்கும். சில மாத்திரைகள் தாம்பத்திய ஆசையையே வற்றவைக்கும். அதை வெளியே சொல்லக் கூசி மாத்திரையை மட்டும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2005இல் வெளியான 'கேட்டீ' (CATIE) என்ற மருந்து ஆய்வில் மனச்சிதைவு உள்ள ஏறக்குறைய 1,500 பேரில் 74 சதவீதம் பேருக்கு, முதலில் கொடுத்த மருந்து 18 மாதங்களுக்குள் ஏதோ ஒரு காரணத்தால் நின்றுபோனது. உங்கள் தம்பி தனியாள் இல்லை.

இன்னொன்று. நிறுத்திய மறுநாளே நோய் திரும்புவதில்லை, மாதங்கள் ஆகலாம். அதற்குள் தூக்கக் கலக்கம் போகிறது, உடம்பு லேசாகிறது. "நிறுத்தியதும் நன்றாக இருக்கிறேன்" என்று அவர் சொன்னால் அந்த நேரத்தில் அது பொய்யே அல்ல.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? டிவி சத்தத்தைக் குறை என்று அவர் எரிந்து விழுந்தால்கூட, "மாத்திரை போட்டியா?" என்று ஆளுக்கு ஆள் கேட்டிருப்பீர்கள். வீட்டில் எல்லாரும் கோபப்படலாம், அவர் பட்டால் மட்டும் நோய். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி. அடுத்த முறை மருத்துவரிடம் போனால் நீங்கள் முந்திக்கொண்டு பேசாதீர்கள். எது தொல்லை என்று அவரே சொல்லட்டும். அளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். தினமும் விழுங்குவதுதான் அலுப்பு என்றால் மாதம் ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அதையும் அவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.