நானூறு டாலருக்கு ஒரு கணக்கு

போன வாரம் நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டின் ஹிக்ஸ்வில்லில் இருந்து ஒரு குடும்பம் வரிக்கணக்கு கேட்க என்னிடம் வந்தது. பூர்வீகம் திருப்பூர். மகளுக்கு ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலர். "பாதியாவது டாக்ஸில் திரும்பி வந்துவிடுமாமே சார்?" என்றார் அப்பா. டாலஸில் இருக்கும் மச்சான் சொன்னாராம்.

பார்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து நிமிடம் சமாதானம் சொன்னேன். அப்புறம் மனது கேட்கவில்லை, பேனாவை எடுத்தேன்.

கணவன், மனைவி வருமானம் சேர்ந்து 1,80,000 டாலரைத் தாண்டுகிறது. அதனால் மத்திய அரசு கல்விச் செலவுக்குத் தரும் 2,500 டாலர் வரை கிரெடிட், அதாவது வரியில் நேராகக் கழிக்கும் சலுகை, இவர்களுக்குக் கிடையாது. நியூயார்க் மாநில கிரெடிட்டுக்கு வருமான வரம்பு இல்லை, கிடைக்கும். ஆனால் எவ்வளவு? நீங்கள் எத்தனை ஆயிரம் கட்டினாலும் மாநிலம் 10,000 டாலரைத்தான் கணக்கில் எடுக்கும். அதில் 4 சதவீதம், 400 டாலர். விடுதி, சாப்பாடு, புத்தகம் எதுவும் சேராது. ஸ்காலர்ஷிப்பில் கழிந்த தொகையும் சேராது. அறுபதாயிரத்துக்கு நானூறு! இதை நம்பியா கடன் வாங்கப் போகிறீர்கள்?

நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என் நாற்காலி உறையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது காட்டன் இல்லை அங்கிள், பாலியஸ்டர் கலந்தது" என்றாள். தாத்தா பனியன் கம்பெனி நடத்தியவராம். அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

மன்ஹாட்டனில் ஏழாவது அவென்யூ, 27-வது தெருவில் ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி இருக்கிறது. பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் தையல் வகுப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். 1944-ல் தொடங்கிய கல்லூரி, மாநிலப் பல்கலைக்கழகமான சுனியின் அங்கம். முதல் இரண்டு ஆண்டில் அசோசியேட் பட்டம், அடுத்த இரண்டில் இளங்கலை. ஜவுளித் தயாரிப்பும் விற்பனையும் சேர்ந்த பி.எஸ். இளங்கலைப் படிப்பும் உண்டு. நூல், நெசவு, சாயம், விலை என்று தாத்தா அனுபவத்தில் கற்றதையெல்லாம் இவள் பாடமாகப் படிக்கலாம். வீட்டிலிருந்தே போகலாம்: ஹிக்ஸ்வில்லில் ரயில் ஏறினால் பென் ஸ்டேஷன், அங்கிருந்து பொடிநடை. மாநிலத்தவருக்கான கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000 டாலர் என்று வையுங்கள். நாலு சதவீதம் போட்டால் 280 டாலர் கிரெடிட். அந்த அறுபதாயிரத்துக்கு மாநிலம் கூடுதலாகத் தருவது வெறும் 120 டாலர்!

எங்கே படித்தாலும் அந்தப் பணத்தை விடாதீர்கள். அதைக் கேட்பது ஐடி-272 படிவத்தில். வரிக்கணக்கில் மகளை டிபெண்டன்டாக, அதாவது தன்னைச் சார்ந்தவராக, காட்டுகிறவர்தான் கேட்க முடியும், அதனால் பார்ட் டைம் வேலைக்கு அவள் தனியாக வரிக்கணக்குப் போடும்போது கவனம். ஆண்டு முழுவதும் மாநிலத்தில் வசிப்பவருக்கு, கட்ட வேண்டிய வரியைவிட கிரெடிட் அதிகமானால் மிச்சம் கையில் வரும். இளங்கலைக்கு மட்டும்தான், எம்.எஸ்.ஸுக்கு இல்லை.

மூத்த பையன் போன வருடம்தான் பட்டம் முடித்திருக்கிறான். அவனுக்காக ஒரு தடவைகூட இந்தப் படிவத்தை வைக்கவில்லையாம். வரிக்கணக்கு தாக்கல் செய்து மூன்று வருடம் ஆகவில்லை என்றால் ஐடி-201-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தில் கேட்கலாம். கல்லூரி கொடுத்த பழைய 1098-டி கட்டண விவரப் படிவங்களைத் தேடி எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். மகளையும் கூட்டி வாருங்கள், மச்சானை ஃபோனில்கூடக் கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.