காப்பி பண்ணினா ஏன் ஊதிப் போகுது?

கேள்வி: சார், விர்ச்சுவல் மெஷினுக்கு (விஎம், கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) ஒரு ரா டிஸ்க் இமேஜ், அதாவது அதோட முழு டிஸ்க்கும் அடங்கின ஒரே ஃபைல் வச்சிருக்கேன். லினக்ஸ்ல எல்எஸ் (ls) கமாண்ட் போட்டா 100 ஜிபின்னு காட்டுது, டியூ (du) போட்டா 8 ஜிபிதான். அதே மெஷின்ல சிபி (cp) கமாண்ட்ல காப்பி பண்ணினா 8 ஜிபியிலயே நிக்குது, 64 ஜிபி பென்டிரைவுக்கு ஆர்சிங்க் (rsync) கமாண்ட்ல காப்பி பண்ணினா இடம் பத்தலன்னு பாதியில நின்னுடுது. எது பொய் சொல்லுது?

பதில்: எதுவும் பொய் சொல்லலங்க. எல்எஸ் சொல்றது ஃபைலோட நீளம், டியூ சொல்றது டிஸ்க்ல நிஜமா பிடிச்ச பிளாக் (டிஸ்க் இடத்தோட சின்னத் துண்டு). லேஅவுட் மேப்ல 100 மனை போட்டிருப்பாங்க, வீடு எழும்பினது 8 மனையிலதான் இருக்கும், அந்த மாதிரி. மீதி காலியிடத்துக்கு ஹோல்னு பேரு, ஓட்டைன்னு வச்சுக்கோங்க, அதை யாராவது படிச்சா கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) டிஸ்க்கைத் தொடாமலே ஜீரோவா எடுத்து நீட்டிடும். வம்பே இங்கதான், சும்மா படிக்கிற டூலுக்கு அது எழுதின ஜீரோவா ஓட்டையான்னு தெரியாது, தனியா விசாரிக்கணும்.

லினக்ஸ்ல வர்ற கனூ சிபி கேக்காமலே விசாரிக்கும். நீளத்துக்கு ஏத்த பிளாக் இல்லன்னா சந்தேகப்பட்டு காப்பியிலயும் ஓட்டை விட்டுடும். சிபியோட ஸ்பார்ஸ் ஆப்ஷன்ல ஆல்வேஸ்னு (--sparse=always) கொடுத்தீங்கன்னா, நிஜமாவே எழுதின ஜீரோ நீளமா வந்தாக்கூட அதையும் ஓட்டையாக்கிடும். 2011ல லினக்ஸ் 3.1ல சீக் ஹோல், சீக் டேட்டாங்கிற ரெண்டு வசதி வந்ததுலேர்ந்து ஓட்டை எங்கன்னு கர்னல்கிட்டயே கேட்டு தாண்டிப் போயிடலாம்.

ஆர்சிங்க் அப்படி இல்ல, கேபிடல் எஸ் ஆப்ஷன் (-S) போடலன்னா ஜீரோவை எழுதித் தள்ளிட்டே இருக்கும். ஆனா உங்க கேஸ்ல அது மட்டும் போதாதுன்னு நினைக்கிறேன், உங்க பென்டிரைவோட ஃபார்மேட் எக்ஸ்ஃபேட்டா (exFAT) இருக்கும்போல (ஃபேட்32ன்னா 4 ஜிபியிலயே முரண்டு பிடிச்சிருக்கும்), எக்ஸ்ஃபேட்டுக்கு ஓட்டைன்னாலே என்னன்னு தெரியாது. அதனால டார் (tar, ஃபைல்களை ஒரே மூட்டையாக் கட்டுற கமாண்ட்)ல கேபிடல் எஸ் போட்டு கட்டி அதைக் கொண்டு போங்க, 8 ஜிபி சுமாருக்குள்ள அடங்கும், லினக்ஸ்ல பிரிக்கும்போது ஓட்டையோடயே வரும். நெட்வொர்க் வழியா காப்பி பண்ற எஸ்சிபி (scp) பக்கம் போகாதீங்க, அதுல இந்த வசதியே இல்ல.

ஏற்கனவே ஊதிப்போன காப்பி இஎக்ஸ்டி4 (ext4, லினக்ஸோட டிஸ்க் ஃபார்மேட்) டிஸ்க்ல எங்கயாவது கிடந்தா, விஎம்மை ஆஃப் பண்ணிட்டு ஃபாலொகேட் கமாண்ட்ல டிக் ஹோல்ஸ் ஆப்ஷன் (fallocate --dig-holes) ஓட்டுங்க, இருந்த இடத்துலயே சுருங்கிடும்.

இன்னொண்ணு, ஓட்டைன்னா அந்த இடம் உங்களுக்கு ரிசர்வ் ஆகலன்னு அர்த்தம். நானே ஒரு சின்ன டிஸ்க்ல இப்படி மூணு இமேஜ் வச்சுட்டு, ஒருநாள் மூணும் சேர்ந்து வளர்ந்து டிஸ்க் ஃபுல்லாகி முழிச்சிருக்கேன். உங்க டிஸ்க்ல காலி எவ்வளவுன்னு டிஎஃப் (df) கமாண்ட் போட்டு இப்பவே பாத்துடுங்க.