நான்கு மாதமாக நகராத ஜிமேட் மதிப்பெண்: ஒரு மாணவருக்குப் பதில்

வணக்கம் தம்பி,

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டுக்கு நீங்கள் எழுதிய மூன்று மாதிரித் தேர்வுகளின் முடிவுகளையும், தவறவிட்ட கேள்விகளைக் குறித்துவைத்த தவறு நோட்டையும் நேற்று இரவு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். முதலில் 555, அப்புறம் 565, கடைசியாக 545. வேலை முடிந்து வந்து நான்கு மாதம் தினமும் மூன்று மணி நேரம் படித்த பிறகு இந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். "என் மூளைக்கு இவ்வளவுதான் எட்டும் போல" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் நோட்டை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த எண்களைப் பற்றி. ஜிமேட் மதிப்பெண் 205-இல் தொடங்கி 805 வரை பத்துப் பத்தாக ஏறுகிறது. அதில் பத்து இருபது புள்ளி கூடுவதும் குறைவதும், ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரண்டு முறை எழுதினாலே நடக்கும். அதனால் 565-ஐ முன்னேற்றம் என்று கொண்டாடியதும் 545-ஐ வீழ்ச்சி என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததும் தேவையில்லாதவை. நீங்கள் மூன்று முறையும் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள். ஏன் நின்றீர்கள் என்பதற்கான பதில் உங்கள் நோட்டிலேயே இருக்கிறது.

எண்ணிப் பார்த்தேன். 62 தவறுகளை எழுதியிருக்கிறீர்கள். அதில் 27-க்கு எதிரே 'கவனக்குறைவு' என்ற ஒரே சொல். இந்தச் சொல்தான் உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். நோட்டின் ஏழாம் பக்கத்தில் இருக்கும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு முழு எண் (மைனஸாகவும் இருக்கலாம்) எது என்று கேள்வி; அதைக் கண்டுபிடிக்க, தந்திருக்கும் இரண்டு கூற்றுகளில் எது போதும் என்று சொல்ல வேண்டும். முதல் கூற்று: அதன் வர்க்கம் 16. இரண்டாம் கூற்று: அந்த எண் 5-ஐ விடச் சிறியது. நீங்கள் முதல் கூற்றே போதும், விடை 4 என்று குறித்தீர்கள். மைனஸ் 4-இன் வர்க்கமும் 16 என்பது அப்புறம்தான் உறைத்திருக்கிறது. உடனே 'இரண்டும் சேர்ந்தால் போதும்' என்று மாற்றி எழுதியிருக்கிறீர்கள். அதுவும் தவறு. 4, மைனஸ் 4 இரண்டுமே 5-ஐ விடச் சிறியவைதானே? இரண்டு கூற்றும் சேர்ந்தாலும் போதாது என்பதே விடை. விளக்கத்தைப் படித்ததும் "அட, ஆமாம்" என்று தோன்றியிருக்கும். நோட்டில் 'கவனக்குறைவு, இனி கவனமாக இருக்கணும்' என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டீர்கள்.

பதினோராம் பக்கத்திலும் பத்தொன்பதாம் பக்கத்திலும் அதே தவறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஓரிடத்தில் பின்னத்தை மறந்திருக்கிறீர்கள், இன்னோரிடத்தில் பூஜ்யத்தை. கவனமாக இருக்கணும் என்பது ஆசை. தேர்வு அறையில் கைக்கு ஒரு வேலை வேண்டும். அந்தக் கணக்குக்கு எதிரே இப்படி எழுதியிருக்கலாம்: 'வர்க்கம் என்று பார்த்ததும் ப்ளஸ் எண்ணை மட்டும் போட்டுப் பார்த்தேன். இனி வர்க்கம் வந்தால் மைனஸ், பூஜ்யம், பின்னம் மூன்றையும் போட்டுப் பார்த்த பிறகே விடை.' இந்த வரி அடுத்த தடவை உங்கள் பேனாவை நகர்த்தும்.

ஆங்கிலப் பகுதியான வெர்பலிலும் இதே கதைதான். வாதங்களை அலசச் சொல்லும் கிரிட்டிக்கல் ரீசனிங்கில் நீங்கள் தவறவிட்டவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டு விருப்பங்கள் வரை சரியாகக் குறுக்கிவிட்டு, கடைசியில் நழுவவிட்டிருக்கிறீர்கள். வாதத்தை எது பலவீனப்படுத்துகிறது என்று கேட்டால், உண்மையாகத் தோன்றும் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கிறீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் அந்த வாதத்தைத் தொடவில்லை என்றால் பயனில்லை. விளக்கத்தைப் படிக்கும் முன், தள்ளிவிட்ட ஒவ்வொரு விருப்பமும் ஏன் தவறு என்று ஒரு வரி உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். கஷ்டமாக இருக்கும், நேரமும் பிடிக்கும். எழுத வராத இடம் எதுவோ அதுதான் நீங்கள் படிக்க வேண்டிய இடம்.

அதனால் ஒரு நாளைக்கு 40 கேள்வி என்ற கணக்கை இன்றோடு நிறுத்துங்கள். 12 போதும். இதைச் சொன்னால் மாணவர்கள் பயந்துபோகிறார்கள், சோம்பேறித்தனம் போலத் தோன்றுகிறது. ஆனால் அந்த 12-இல் தவறான ஒவ்வொன்றையும் விளக்கம் பார்க்காமல் மறுபடி போட்டு, ஐந்து நாள் கழித்து வெற்றுத்தாளில் இன்னொரு முறை போட்டால் மூன்று மணி நேரம் தாராளமாக நிரம்பும். வீடியோவில் ஒருவர் போட்டுக் காட்டும்போது புரிவதும், ஐந்து நாள் கழித்து நாமே போடுவதும் வேறு வேறு. உங்கள் மதிப்பெண் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து நேரம். கணக்குப் பகுதியான குவான்டுக்கு 45 நிமிடம், 21 கேள்வி. உங்கள் கடைசி மாதிரித் தேர்வில் ஆறாம் கேள்விக்கு 5 நிமிடம் 10 வினாடி செலவழித்திருக்கிறீர்கள், அதுவும் தவறு. பிறகு கடைசி நான்கு கேள்விகளுக்குச் சேர்த்து மூன்று நிமிடம்தான் மிஞ்சியது, நான்கில் மூன்று போச்சு. அந்த மூன்றில் இரண்டை நேற்று நானே போட்டுப் பார்த்தேன், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சதவீதக் கணக்குகள். ஒரு பிடிவாதத்துக்குக் கொடுத்த விலை அது. இந்தத் தேர்வு நீங்கள் தரும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொண்டே போகும். ஆகவே உங்களால் முடியாத கேள்வி ஒன்றிரண்டு வந்தே தீரும், நன்றாகச் செய்பவர்களுக்கும் வரும். அதை விட்டுக்கொடுப்பதும் தேர்வின் ஒரு பகுதிதான்.

எளிய அடையாளம் ஒன்று தருகிறேன். ஏழாவது கேள்வி முடியும்போது திரையில் 30 நிமிடம் மிச்சம் இருக்க வேண்டும், பதினான்காவது முடியும்போது 15. அட்டவணை, வரைபடம் போன்ற தகவல்களை வைத்துக் கேட்கும் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் 20 கேள்வி, அங்கே நான்கு கேள்விக்கு ஒன்பது நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், இந்த இடங்களில் மட்டும் பாருங்கள். ஒரு கேள்வியில் இரண்டரை நிமிடம் ஆகியும் வழி தெரியவில்லை என்றால், ஒரு விடையைக் குறித்து, அடையாளமும் வைத்துவிட்டு நகருங்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நேரம் மிச்சமிருந்தால் மூன்று விடைகள் வரை மாற்றலாம். கேள்விகளை முடிக்காமல் விட்டால்தான் அடி அதிகம்.

டேட்டா இன்சைட்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் குவான்ட் 80, வெர்பல் 78, டேட்டா இன்சைட்ஸ் 75. மொத்த மதிப்பெண்ணில் மூன்றுக்கும் சம பங்கு. ஆனால் உங்கள் கால அட்டவணையில் டேட்டா இன்சைட்ஸுக்கு ஞாயிறு ஒரு மணி நேரம் மட்டும்! அதே அட்டவணையில் முக்கோணம், வட்டம், வாக்கியப் பிழை திருத்தும் சென்டென்ஸ் கரெக்‌ஷன் எல்லாம் இருக்கின்றன. யாரோ கொடுத்த பழைய புத்தகங்களை வைத்துப் படிக்கிறீர்கள் என்று புரிகிறது. 2023 கடைசியில் வந்த புதிய வடிவத்தில் குவான்டில் வடிவியலும் இல்லை, வெர்பலில் சென்டென்ஸ் கரெக்‌ஷனும் இல்லை. அந்த மணிநேரங்களை அப்படியே டேட்டா இன்சைட்ஸுக்குக் கொடுங்கள். அட்டவணை, வரைபடம் படிக்கும்போது கேள்வியைப் பார்ப்பதற்கு முன் தலைப்பு, அலகு, அடிக்குறிப்பு மூன்றையும் விரலால் தொட்டுப் படிக்கப் பழகுங்கள். ஆயிரத்தில் தந்ததை லட்சத்தில் எடுத்துக்கொண்டு நீங்கள் விட்ட கேள்விகள் மட்டுமே மூன்று.

அப்பா, "தெரிந்த பையன் 700 வாங்கினானே" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது பழைய அளவுகோலாக இருக்கலாம். அந்த 700 இன்றைய அளவில் ஏறத்தாழ 645-க்குச் சமம். அவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் உங்களைக் குறைத்துப் பேசவில்லை, கையில் பழைய அளவுகோலை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். வேண்டுமானால் நானே அவரோடு பேசுகிறேன்.

வாராவாரம் மாதிரித் தேர்வு எழுதுவதையும் விடுங்கள். அதிகாரப்பூர்வத் தேர்வுகள் மொத்தமே ஆறுதான், அதில் மூன்றைச் செலவழித்துவிட்டீர்கள். எழுதியதையே திரும்ப எழுதினால் பார்த்த கேள்விகள் வந்து மதிப்பெண்ணைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். அடுத்தது ஐந்து வாரம் கழித்து.

பதிவு செய்த தேதியைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தள்ளிப்போடுங்கள், கல்லூரிகளின் கடைசி நாளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. 12 மாதத்தில் ஐந்து முறை எழுதலாம், இரண்டு தேர்வுக்கு நடுவில் 16 நாள் இடைவெளி வேண்டும். அதனால் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டாம் முறைக்கு இடம் விட்டு முதல் தேதியைப் போடுங்கள். மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். இரண்டு முறை எழுதியும் நகரவில்லை என்றால் ஜிஆர்இ என்ற இன்னொரு நுழைவுத் தேர்வைப் பற்றிப் பேசுவோம், பல மேலாண்மைக் கல்லூரிகள் அதையும் ஏற்கின்றன. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

இந்த வாரம் புதுக் கேள்வி ஒன்றுகூடப் போடாதீர்கள். அந்த 27 'கவனக்குறைவு'களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு, அந்த நிமிடத்தில் உண்மையில் என்ன நடந்தது, அடுத்த முறை கை என்ன செய்யும் என்று எழுதி ஞாயிறு மாலைக்குள் அனுப்புங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். முதலில் அதைத்தான் பார்ப்பேன்.