இ.டபிள்யூ.எஸ்.ஸிலிருந்து கிராஃபுக்கு: கேள்வி பதில்

அலுவலக மென்பொருள்கள் மைக்ரோசாப்டின் கிளவுட் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் மெயில் படிக்கவும் அனுப்பவும் இத்தனை காலம் பயன்படுத்தியது எக்ஸ்சேஞ்ச் வெப் சர்வீசஸ், சுருக்கமாக இ.டபிள்யூ.எஸ். இது எக்ஸ்சேஞ்ச் 2007 பதிப்போடு வந்தது. இதில் இனிப் புது வசதிகள் வராது என்று மைக்ரோசாப்ட் 2018இலேயே சொல்லிவிட்டது. 2026 அக்டோபர் 1 முதல் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இதைத் தடுக்கத் தொடங்குவோம் என்று 2023இல் அறிவித்தது. இதற்கு மாற்றாக அவர்கள் காட்டுவது மைக்ரோசாப்ட் கிராஃப், மென்பொருள்கள் மைக்ரோசாப்ட் 365 தரவைக் கேட்டு வாங்கும் இன்னொரு வழி. இதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

நாங்கள் ஏற்கெனவே ஓஆத்துக்கு (பாஸ்வேர்டுக்குப் பதில் டோக்கன் காட்டி நுழையும் முறைக்கு) மாறிவிட்டோம். மறுபடியும் மாற வேண்டுமா?

வேண்டும். 2022 அக்டோபரில் நிறுத்தத் தொடங்கியது, யூசர்நேம் பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும் பழைய உள்நுழைவு முறையை. அப்போது நீங்கள் பூட்டை மாற்றினீர்கள். இப்போது வாசலையே அடைக்கிறார்கள். ஓஆத் டோக்கன் வாங்கி இ.டபிள்யூ.எஸ். முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தால் அதுவும் நின்றுவிடும். ஆனால் அந்த உழைப்பு வீண் இல்லை, டோக்கன் வாங்கும் பகுதி கிராஃபுக்கும் பெரும்பாலும் அப்படியே உதவும்.

எங்கள் எக்ஸ்சேஞ்ச் சொந்த சர்வரில் ஓடுகிறது.

அப்படியானால் இந்தத் தேதி உங்களுக்கு இல்லை. மெயில்பாக்ஸ்களில் பாதி அங்கே, பாதி கிளவுடில் என்றால்தான் தலைவலி: மென்பொருள் இரண்டு வழியும் பேச வேண்டியிருக்கும்.

சி.ஆர்.எம். (வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் மென்பொருள்) நாங்களே எழுதியது. ஒவ்வொரு மெயிலின் இ.டபிள்யூ.எஸ். ஐடியையும் டேட்டாபேஸில் வைத்திருக்கிறோம். அதை என்ன செய்வது?

நல்ல கேள்வி. நிஜமான வேலை இங்கேதான் இருக்கிறது. எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவத்தை விட்டு ஜேசன் வடிவத்துக்குப் போவதெல்லாம் உட்கார்ந்து எழுதினால் முடிந்துவிடும். பழைய ஐடிகள்தான் படுத்தும்.

கிராஃபில் ஐடிகளை மாற்றித் தரும் வசதி இருக்கிறது, ஒரு அழைப்பில் ஆயிரம் ஐடி வரை கொடுக்கலாம். மாற்றும்போது 'இம்யூட்டபிள் ஐடி' வகையையே கேளுங்கள். சாதாரண ஐடி, மெயிலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் மாறிவிடும், இது மாறாது. ஆன்லைன் ஆர்கைவ் மெயில்பாக்ஸுக்குப் போனால் மட்டும் இதுவும் மாறும். ஒன்று கவனம்: இந்த வகை வேண்டும் என்று ஒவ்வொரு கோரிக்கையின் ஹெடரிலும் சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் மறந்தாலும் இரண்டு வகை ஐடியும் டேட்டாபேஸில் ஒரே நெடுவரிசையில் கலந்துவிடும், பிறகு பிரிப்பது பெரும்பாடு.

இன்னொரு பொறி டேட்டாபேஸிலேயே இருக்கிறது. இந்த ஐடிகளில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. எஸ்கியூஎல் சர்வரை வழக்கமான அமைப்பில் நிறுவியிருந்தால் அது இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். இதனால், ஐடியில் 'ஏ' என்ற ஒரு எழுத்து மட்டும் பெரிதாகவும் சிறிதாகவும் வேறுபடும் இரண்டு மெயில்கள் ஒரே மெயிலாகத் தெரியும். ஒரு வாடிக்கையாளரின் கடிதம் இன்னொருவர் பெயரில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த நெடுவரிசையின் கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிடும் விதியை) முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

பல வருடப் பழைய ஐடிகளில் கொஞ்சம் எப்படியும் செல்லாது, யாரோ எப்போதோ மெயிலை நகர்த்தியிருப்பார்கள். அவற்றுக்கு மெயில் ஹெடரில் உள்ள மெசேஜ்-ஐடியை வைத்துத் தேடுவதுதான் வழி. அதைச் சேமித்து வைக்கவில்லையா? இ.டபிள்யூ.எஸ். உயிரோடு இருக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

'எல்லா மெயில்பாக்ஸையும் படிக்க, எழுத' அனுமதி கேட்கிறார்கள். பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவள் நான். கையெழுத்துப் போடலாமா?

அப்படியே போடாதீர்கள் மேடம். ஆப் என்ற வகையில் தரும் அனுமதி, நிர்வாக இயக்குநர் மெயில்பாக்ஸ் வரை அத்தனையையும் திறக்கும். சப்போர்ட் டிக்கெட் மென்பொருளுக்கு அது எதற்கு? எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் ஆப்களுக்கான ஆர்பாக் (பொறுப்புக்கு ஏற்ப அனுமதி தரும் முறை) இருக்கிறது. இந்த ஆப் இந்த மெயில்பாக்ஸ்களை மட்டும் தொடலாம் என்று அதில் வரம்பு போடலாம்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மைக்ரோசாப்டின் அடையாள, அனுமதிச் சேவையான என்ட்ராவில் வரம்பில்லாத அனுமதியையும் கொடுத்துவிட்டு இங்கேயும் வரம்பு போட்டால், இரண்டும் கூட்டலாகத்தான் சேரும். வரம்பு இருப்பதுபோல் தெரியும், ஆனால் கதவு திறந்தே கிடக்கும். ஆகவே என்ட்ராவில் கொடுத்ததை நீக்கியாக வேண்டும். மாற்றம் பலிக்க அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம், உடனே சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று பதறாதீர்கள்.

புது மெயில் வந்ததும் தெரிய இ.டபிள்யூ.எஸ்.ஸில் ஸ்ட்ரீமிங் வைத்திருந்தோம். கிராஃபில் வெப்ஹுக் என்கிறார்கள். எங்கள் சர்வர் ஃபயர்வாலுக்கு உள்ளே இருக்கிறதே?

ஸ்ட்ரீமிங்கில் இணைப்பை நீங்கள் உள்ளிருந்து திறந்தீர்கள். வெப்ஹுக்கில் அவர்கள் வெளியிலிருந்து உங்களைக் கூப்பிடுவார்கள். அதற்கு வெளியே தெரியும் எச்டிடிபிஎஸ் முகவரி வேண்டும். சந்தா பதியும்போது அவர்கள் அனுப்பும் சோதனை டோக்கனைப் பத்து விநாடிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மெயிலுக்கான சந்தா ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது, அதற்குள் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் நிரல் நின்றுபோனால் எந்த எரரும் வராது, அறிவிப்பு மட்டும் வராமல் போகும்.

உங்கள் நிலையில் நான் வெப்ஹுக்கையே தொட மாட்டேன். டெல்டா கேள்வி என்று ஒன்று உண்டு: கடைசியாகக் கேட்டதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் தரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டால் போதும். டிக்கெட் உடனே வந்தே தீரவேண்டும் என்பவர்கள்தான் ஃபயர்வால் குழுவோடு மல்லுக்கட்ட வேண்டும்.

மாதக் கடைசியில் இன்வாய்ஸ்களை மொத்தமாக அனுப்புவோம். சோதனையில் பாதியில் 429 (கோரிக்கைகள் அதிகம் என்ற) எரர் வருகிறது.

ஒரு மெயில்பாக்ஸில் ஒரு ஆப் ஒரே நேரத்தில் நான்கு கோரிக்கைகள்தான் ஓட்டலாம். பத்து நிமிடத்துக்குப் பத்தாயிரம். நீங்கள் த்ரெட்களை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை) அவிழ்த்துவிட்டிருப்பீர்கள். 429 பதிலோடு எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பதும் வரும், அதை மதித்து நிறுத்துங்கள். அப்புறம், அனுப்பும் அழைப்புக்கு வரும் 202 என்பது 'வாங்கிக்கொண்டேன்' மட்டும்தான். அதைப் பார்த்து 'டெலிவர்டு' என்று எழுதும் மென்பொருள் பொய் சொல்கிறது. 3 எம்பிக்கு மேல் அட்டாச்மென்ட் இருந்தால் தனி அப்லோட் செஷன் வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் ஒரு மெயில்பாக்ஸுக்கு நிமிடத்துக்கு 30 மெயில், நாளுக்குப் பத்தாயிரம் பெறுநர் என்ற வரம்பும் உண்டு. அதைத் தாண்டுகிறீர்கள் என்றால் மொத்த மெயிலுக்கென்றே உள்ள சேவைக்குப் போவதுதான் சரி.

இதற்குப் பதில் ஐமேப் போதாதா? ஜேமேப் என்றும் ஒன்று சொல்கிறார்களே?

ஐமேப் என்பது மெயிலைப் படிப்பதற்கான பழைய நெறிமுறை. மெயிலைப் படிக்க மட்டும்தான் என்றால் ஓஆத்தோடு ஐமேப் போதும், காலண்டர் வராது. ஜேமேப், அதைவிடப் புதிய நெறிமுறை, 2019இல் ஆர்எஃப்சி 8620 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்தது, நேர்த்தியான வடிவமைப்பு. ஆனால் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் அதைப் பேசாது.

மென்பொருளை விற்றவர் 'அப்டேட் போட்டால் போதும்' என்கிறார். நம்பலாமா?

அவருடைய மென்பொருளைப் பொறுத்தவரை உண்மையாக இருக்கலாம். ஆனால் இ.டபிள்யூ.எஸ்.ஸைத் தொடுவது அது மட்டும்தானா? மீட்டிங் ரூம் வாசலில் இருக்கும் திரை, பேக்கப், பழைய அவுட்லுக் ஆட்-இன், யாரோ எழுதிவிட்டுப் போன ஸ்கிரிப்ட் எல்லாம் இருக்கும். மைக்ரோசாப்ட் 365 நிர்வாகப் பக்கத்தில் இ.டபிள்யூ.எஸ். பயன்பாட்டு ரிப்போர்ட் இருக்கிறது, எந்த ஆப் எவ்வளவு கூப்பிடுகிறது என்று காட்டும். பப்ளிக் ஃபோல்டரை நம்பி ஏதாவது ஓடினால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், கிராஃபில் அதற்கு முழு மாற்று கிடையாது.

அப்டேட் போட்டபின் காத்திருக்க வேண்டாம். பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியில் ஒரு மெயில்பாக்ஸுக்கு மட்டும் இ.டபிள்யூ.எஸ்.ஸை அணைக்க முடியும். முதலில் உங்கள் மெயில்பாக்ஸில் அணைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள், பிறகு கணக்குப் பிரிவில் பொறுமையான ஒருவருடையதில். மாதக் கடைசியில் மட்டும் வேண்டாம்.