புதுக் காரில் என்ன சத்தம்? வாசகர் கேள்வி பதில்

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டதிலிருந்து யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்குள் சின்ன எஸ்யூவிகள் நிறையவே ஓடத் தொடங்கிவிட்டன. இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளும் அவற்றைப் பற்றியவைதான், அதிலும் சத்தத்தைப் பற்றியவை. ஐந்து வருடம் காத்திருந்து, பெருந்தொகை கொடுத்து எடுத்த வாகனத்தில் மூன்றாம் நாளே ஏதோ ஆடுகிறது என்றால் மனம் பதறத்தான் செய்யும். ஆனால் அந்தப் பதற்றத்தில் கழற்றத் தேவையில்லாததைக் கழற்றிவிடக் கூடாது. சத்தம் எதோடு கூடிக் குறைகிறது என்று முதலில் பாருங்கள்: ஓடும் வேகத்தோடா, எஞ்சின் சுற்றோடா, வீதியின் மேடு பள்ளத்தோடா, ஸ்டியரிங் திருப்புவதோடா? இதைச் சொல்லத் தெரிந்தால் திருத்துநருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

சாவகச்சேரி வாசகர்: வாகனம் எடுத்து மூன்று கிழமை, 600 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. காப்பெற் வீதியில் ஒரே இரைச்சல். ஒழுங்கைக்குள் கிடங்கில் விழுந்தால் முதுகில் அடிக்கிறது, முன்பக்கம் "டக் டக்" என்கிறது. ஷொக் அப்சோபர் இரண்டையும் மாற்றவேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

மாற்றவேண்டாம். 600 கிலோமீற்றரில் ஷொக் அப்சோபர் பழுதாவது மிக அரிது. அதன் உடம்பு எண்ணெய் கசிந்து நனைந்திருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

முதலில் ரயர் காற்று. கப்பலில் நாள்கணக்காக ஒரே இடத்தில் நிற்கும் ரயர் தட்டையாகிவிடாமல் இருக்கக் காற்றைக் கூட்டி அடித்து அனுப்புவார்கள். உங்களிடம் கையளிக்கும்போது அதை இறக்கியிருக்க வேண்டும். இறக்க மறந்திருந்தால் மானி 40, 45 பிஎஸ்ஐ வரைக்கும் காட்டும். அப்படி விறைத்த ரயர் கல்லுச் சில்லு மாதிரி ஓடும், இரைச்சலும் அடியும் இரண்டும் வரும். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கிறது, உங்கள் வாகனத்துக்குரிய அளவு அதுதான். யப்பானிலிருந்து நேரே வந்த வாகனம் என்றால் அளவு கேபிஏ (கிலோபஸ்கல்) அலகில் இருக்கும். அதை 6.9 ஆல் பிரியுங்கள்: 230 என்றால் 33 பிஎஸ்ஐ, 250 என்றால் 36. காலையில் வாகனத்தை எடுக்கமுதல் பார்க்கவேண்டும். மத்தியான வெயிலில் நின்ற, ஓடிச் சூடான ரயர் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்து இறக்கினால் மறுநாள் காலையில் குறைந்து கிடக்கும். சொந்தமாக ஒரு சிறிய மானி வாங்கி வைத்திருங்கள். ஒரு ரயர் கடை மானிக்கும் அடுத்த கடை மானிக்கும் இரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

அடுத்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். சில புது வாகனங்களில் கப்பல் பயணத்தில் வாகனம் துள்ளாமல் இருக்க, முன் சுருள் ஸ்பிரிங்கின் வளையங்களுக்கு இடையில் இறப்பர் அல்லது பிளாஸ்டிக் கட்டையைச் செருகி அனுப்புவார்கள். வாகனத்தை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்புங்கள். சில்லுக்குப் பின்னால் ரோர்ச் அடித்தால் ஸ்பிரிங் முழுவதும் தெரியும். வளையங்களுக்கு இடையில் எதுவும் இருக்கக் கூடாது. கட்டை இருந்தால் அந்த இடத்தில் ஸ்பிரிங் சுருங்காது, அடி நேரே உடம்புக்கு வரும். மற்றப் பக்கமும் பாருங்கள், ஒன்றை எடுத்து ஒன்றை மறந்திருக்கலாம்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் "டக் டக்" போகவில்லையா? ஒரு வேகத்தடையில் இரண்டு முன்சில்லும் ஒன்றாக ஏறும்படி மெதுவாகப் போங்கள். பிறகு ஒரு சில்லு மட்டும் இறங்கும் கிடங்கில் அதே வேகத்தில் போங்கள். முதலாவதில் சத்தம் இல்லாமல் இரண்டாவதில் மட்டும் வந்தால் ஸ்டெபிலைசர் தண்டின் (இரண்டு முன்சில்லுப் பக்கத்தையும் இணைக்கும் தண்டு) லிங்கை, அல்லது அந்தத் தண்டைப் பிடிக்கும் இறப்பர் புஷ்ஷைச் சந்தேகிக்கலாம். இரண்டு சில்லும் வேறு வேறு உயரத்தில் இருக்கும்போதுதான் அந்தத் தண்டு முறுகும், அப்போதுதான் தளர்ந்த மூட்டு அடிபடும். புது வாகனத்தில் பெரும்பாலும் நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கினாலே போதும். நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது "டொங்" என்று ஸ்பிரிங் உதறினால் அது ஸ்பிரிங்கைத் தாங்கும் மேல் மவுண்டின் பழுது, உத்தரவாதத்தில் மாற்றிக் கேளுங்கள்.

ஏற்கனவே யாராவது சில்லைத் தாங்கும் கீழ்க் கையை (லோவர் ஆர்ம்) கழற்றிப் பூட்டியிருந்தால் இதையும் கேளுங்கள்: புஷ் நட்டுகளை எப்படி இறுக்கினார்கள்? ஜக்கில் தூக்கி, சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால், வாகனத்தைக் கீழே இறக்கியதும் புஷ்ஷின் இறப்பர் எந்நேரமும் முறுகியபடியே நிற்கும். கிறீச்சிடும், சீக்கிரம் கிழியும். வாகனத்தின் பாரம் சில்லில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்கவேண்டும்.

பருத்தித்துறை வாசகர்: காலமையில் முதல் பிறேக் பிடித்தால் "கர்ர்" என்கிறது. இரண்டு நாளாகத் தகரம் உரசுவதுபோல் இன்னொரு சத்தமும்.

முதலாவது துரு. கடற்காற்றில் இரவு முழுவதும் நின்ற பிறேக் டிஸ்கில் மெல்லிய துருப்படலம் படியும். நான்கைந்து தரம் பிறேக் பிடித்தால் துடைபட்டுப் போய்விடும். அதற்காக டிஸ்கில் எதையும் பூசவோ விசிறவோ வேண்டாம்.

இரண்டாவதற்குப் பெரும்பாலும் டிஸ்குக்கும் அதன் பின்னாலுள்ள தகரத் தட்டுக்கும் இடையில் சிக்கிய கிரவல் கல்தான் காரணம். கேட்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் சின்ன விசயம். முற்றத்தில் பத்து மீற்றர் பின்னுக்கும் முன்னுக்கும் மெதுவாக எடுத்துப் பாருங்கள், பலமுறை கல் தானாக விழுந்துவிடும். விழாவிட்டால் சில்லைக் கழற்றி, தட்டின் விளிம்பை இரண்டு மூன்று மில்லிமீற்றர் விரித்துக் கல்லை எடுத்துவிட்டு, தட்டைப் பழையபடி நிமிர்த்திவிடவேண்டும். பிறேக் பாட் மாற்றும் வேலை இதில் இல்லை.

கோண்டாவில் வாசகர்: 1 லீற்றர், மூன்று சிலிண்டர், டேர்போ. சிக்னலில் ஏசியோடு நின்றால் இருக்கை நடுங்குகிறது. தடிப்பான ஒயில் விட்டு 95 பெற்றோல் அடித்தால் நிற்கும் என்கிறார்கள். உண்மையா?

இரண்டும் வேண்டாம். ஒயில் ஆலோசனை வாகனத்துக்குக் கேடு.

மூன்று சிலிண்டர் எஞ்சினில் முதல் பிஸ்டனும் கடைசிப் பிஸ்டனும் ஒன்றோடொன்று ஒத்துப் போவதில்லை, அதனால் எஞ்சின் முன்பின்னாக உலாஞ்சும். சுற்று ஏறினால் தெரியாது. நிமிடத்துக்கு 800, 900 சுற்றில் நிற்கும்போது தெரியும். ஏசி கொம்பிரசரின் பாரமும் சேர்ந்தால் இன்னும் தெரியும். கியரை டியிலிருந்து (D) என்னுக்கு (N, நியூட்ரல்) மாற்றியதும் நடுக்கம் நன்றாகக் குறைந்தால் அது எஞ்சினின் இயல்பு. நியூட்ரலிலும் அதே நடுக்கம் இருந்தால், சுற்றுமானியின் முள்ளு ஆடினால், எஞ்சின் விளக்கு எரிந்தால், டியிலிருந்து ஆருக்கு (R, பின்கியர்) மாற்றும்போது "டொம்" என்று இடித்தால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டையும் பற்றவைப்பையும் சோதிக்கக் கொடுங்கள். நடுக்கத்தோடு "ர்ர்ர்" என்று ஒரு தகரச் சத்தமும் வந்தால் எஞ்சினை விட்டுவிட்டு நம்பர் பிளேட்டை விரலால் அமத்திப் பாருங்கள். பொனற் தாங்கும் கம்பி அதன் கொழுவியில் சரியாக இருக்கிறதா, காற்று வடிகட்டிப் பெட்டியின் கிளிப்புகள் பூட்டியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

ஒயில் மூடியிலோ கையேட்டிலோ 0டபிள்யூ-20 (0W-20) போன்ற ஒரு ஒயில் எண் இருக்கும். அதைத்தான் விடவேண்டும். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பொறிமுறை ஒயில் அழுத்தத்தால், நுண்ணிய துளைகள் வழியே இயங்குகிறது. டேர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றும், அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஒயில் படலம். தடிப்பான 20டபிள்யூ-50 விட்டால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அந்த இடங்களுக்கு ஒயில் போய்ச்சேரப் பிந்தும். சத்தம் சற்று அமுங்கினாற்போலத் தோன்றும், தேய்மானம் உள்ளே நடந்துகொண்டிருக்கும். உத்தரவாதமும் கையை விட்டுப்போகும்.

பெற்றோலைப் பொறுத்தவரை, பெற்றோல் தாங்கி மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். யப்பானில் சாதாரண பெற்றோலின் ஒக்டேன் அளவு குறைந்தது 89 என்பதுதான் அந்நாட்டுத் தரவிதி. அதற்கென்று செய்த எஞ்சினுக்கு எங்கள் 92 தாராளம். உயர் ஒக்டேன் என்று எழுதியிருந்தால் மட்டும் 95. டேர்போவுக்கு ஒரு எச்சரிக்கை: 1500 சுற்றில் மெல்லப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று முழு அக்சிலரேற்றர் மிதிக்க வேண்டாம். அந்த நிலையில் எரிபொருள் நேரத்துக்கு முன்பே தீப்பற்றிப் பிஸ்டனை உடைத்ததும் உண்டு. 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி (API SP) தர ஒயில் அந்த ஆபத்தைக் குறைப்பதையும் கருத்திற்கொண்டு உருவானது. ஒயில் வாங்கும்போது கானில் அந்த எழுத்தைத் தேடுங்கள்.

சுண்ணாகம் வாசகர்: ஹைபிரிட் எடுத்தோம். கதவைத் திறந்தாலே "விர்ர்". பின்னுக்கு எடுத்தால் "ஊ..." பின் இருக்கைப் பக்கம் காற்றாடிச் சத்தம். எல்லாம் பழுதா?

முதல் இரண்டும் பழுதல்ல. சில ஹைபிரிட்களில் சாரதிக் கதவைத் திறந்ததும் பிறேக் பம்ப் அழுத்தம் ஏற்றித் தயாராகும், அதுதான் "விர்ர்". "ஊ" என்பது பாதசாரிகளுக்கான எச்சரிக்கை ஒலி. மின்சாரத்தில் சத்தமின்றி ஓடும் வாகனங்கள் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வேகம் வரைக்கும், பின்னுக்கு எடுக்கும்போதும் ஒலி எழுப்பவேண்டும் என்று ஐ.நா.வின் வாகன விதி 138 சொல்கிறது. அதன் வயரைக் கழற்றித் தரச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள். வேலி மறைத்த ஒழுங்கையில் சைக்கிளில் வரும் பிள்ளைக்கும் காது மந்தமான அம்மம்மாவுக்கும் அந்தச் சத்தம் ஒன்றுதான் துணை.

மூன்றாவதைக் கவனியுங்கள். அது பற்றரியைக் குளிர்விக்கும் காற்றாடி. வெயிலில் நின்ற வாகனத்தை எடுத்தவுடன் சற்று நேரம் உரக்கச் சுற்றுவது சரி. ஆனால் பின்னேரத்திலும் அப்படியே சுற்றினால் காற்று உறிஞ்சும் வலையில் அடைப்பு இருக்கும். அது பல வாகனங்களில் பின் இருக்கையின் ஓரத்திலோ அடியிலோ இருக்கிறது. உங்கள் பக்கத்துச் செம்மண் தூசி அதில் மாவுபோலப் படிந்துவிடும். புது சீற் கவர் அதை மூடியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, வலையைக் கழற்றி வக்கூமால் உறிஞ்சி எடுங்கள். தண்ணீர் பட வேண்டாம்.

வேலணை வாசகர்: பண்ணைப் பாலத்தில் 60ஐத் தாண்டினால் இடது முன் கதவில் விசில் அடிக்கிறது.

திறந்த கடல்மேல் பக்கக் காற்று அடிக்கும் இடம் என்பதால் சின்ன இடைவெளியும் அங்கே விசிலடிக்கும். ஒரு 100 ரூபா தாளைக் கதவு இறப்பரில் வைத்துக் கதவைச் சாத்தி, தாளை இழுங்கள். இறுகிப் பிடித்து வரவேண்டும். ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு தடவையாகச் சுற்றிவரச் செய்யுங்கள். ஓரிடத்தில் தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இறப்பர் மடிந்திருக்கிறது அல்லது கதவு சற்று வெளியே நிற்கிறது. பூட்டுக் கொழுவியை ஒரு மில்லிமீற்றர் உள்ளே தள்ளினால் சரியாகும். அதற்கு மேல் தள்ளினால் கதவை அறைந்து சாத்தவேண்டி வரும்.

தாள் எங்கும் இறுக்கமாக இருந்தால் மாஸ்கிங் ரேப்பால் முதலில் பக்கக் கண்ணாடியின் (சைட் மிரர்) அடி, பிறகு கதவு யன்னலுக்கு மேலுள்ள மழை வைசரின் முன் நுனி, பிறகு கூரைத் தண்டு என்று ஒவ்வொன்றாக ஒட்டி, அதே பாலத்தில் அதே வேகத்தில் ஓடிப் பாருங்கள். எதை ஒட்டியபோது நின்றதோ அதுதான் இடம். பின்னர் பூட்டிய வைசராக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நல்லூர் வாசகர்: டாஷ்போட்டுக்குள் "கிரிக் கிரிக்", பின்னால் "கடகட".

பின்பக்கம் இலகு, அங்கிருந்து தொடங்குங்கள். டிக்கித் தரையைத் தூக்கி ஜக்கையும் சில்லுச் சாவியையும் கையால் அசையுங்கள், அசையக் கூடாது. பின் இருக்கையை மடித்து, "கிளிக்" கேட்கும்வரை நிமிர்த்துங்கள். பின்கதவின் இரு ஓரத்திலும் இறப்பர்க் குமிழ்கள் இருக்கும், பல வாகனங்களில் கையால் திருகக்கூடியவை. இரண்டையும் ஒரே அளவாக ஒரு சுற்று வெளியே எடுத்தால் கதவு அடிபடாது.

முன்பக்கச் சத்தத்துக்கு, வாகனம் ஓடும்போது மற்றவர் ஒருவர் டாஷ்போட்டின் ஒவ்வொரு இடத்தையும் உள்ளங்கையால் அமத்தவேண்டும். எங்கே அமத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் இரண்டு பிளாஸ்டிக் உரசுகிறது. துணி ரேப் கீலமொன்றை இடுக்கில் பிளாஸ்டிக் அட்டையால் தள்ளிவிட்டால் போதும். இறப்பர் விளிம்புகளுக்கு சிலிக்கோன் ஸ்பிரே, அதுவும் துணியில் விசிறித் துடைத்து. பெற்றோலிய கிரீஸ் இறப்பரை ஊதவைக்கும். முன்கண்ணாடியின் பக்கத்துத் தூணின் உறையை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள், பல வாகனங்களில் உள்ளே திரை எயார்பாக் மடிந்திருக்கிறது.

உடுவில் வாசகர்: ஏசி காற்றாடியில் "டிக் டிக்".

வேப்பமரத்துக்குக் கீழே விடுகிறீர்களா? காம்புகள் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள துவாரத்தால் இறங்குகின்றன. கையுறைப் பெட்டியின் இரு பக்கத்தையும் உள்ளே அமத்தி இறக்கினால் வடிகட்டித் தட்டு தெரியும். இழுத்து எடுத்து உதறி, அம்புக்குறி முன்பிருந்த திசையிலேயே திரும்பப் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கண்ணாடி அடியிலுள்ள சருகையும் அள்ளிவிடுங்கள். வடிகால் அடைத்தால் தண்ணீர் கால்மிதிக்குள் வரும்.

மானிப்பாய் வாசகர்: கதவைச் சாத்தினால் தகர டப்பா மாதிரி. டாம்பிங் ஷீட் (தகரத்தின் அதிர்வை அடக்கும் ஒட்டுத் தகடு) ஒட்டலாமா?

ஒட்டலாம், பலனும் உண்டு. 2 மில்லிமீற்றர் பியூற்றைல் இறப்பர் ஷீட் வாங்குங்கள். தார் ஷீட் எங்கள் வெயிலில் உருகி மணக்கும். வெளித் தகரத்தின் உட்புறத்தில் மூன்றிலொரு பங்கை மூடினால் போதும், நடுப்பகுதியில். முழுவதும் ஒட்டுவது காசுக்கும் பாரத்துக்கும் நட்டம். தகரத்தை அற்ககோலால் துடைத்து, உருளையால் அழுத்திக் காற்றில்லாமல் ஒட்டவேண்டும். கதவின் அடி விளிம்பில் இருக்கும் வடிகால் துளைகளை மூடினால் மழைத்தண்ணீர் உள்ளே தேங்கி, உப்புக் காற்றோடு சேர்ந்து கதவைக் கீழிருந்து தின்னும்.

உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் திரையைக் கத்தியால் வெட்ட விடாதீர்கள். சில வாகனங்களில் பக்க எயார்பாக்கின் உணரி கதவுக்குள் ஏறும் காற்றழுத்தத்தை வைத்துத்தான் மோதலை அறிகிறது. திரை கிழிந்தால் அந்த அழுத்தம் கசிந்துவிடும். திரையைப் பசையோடு மெதுவாக உரித்து, அதே பசையில் விளிம்பு முழுவதும் இறுக ஒட்டவேண்டும். வேலை செய்பவர் அப்படித்தான் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.