மைக்ராஸ்கோப்பில் பார்த்த புதைபடிவ டைனோசிஸ்ட்டைப் புது இனமாக அறிவிக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் கிரெட்டேசியஸ் காலக் களிமண்ணிலிருந்து ஸ்லைடு போட்டிருக்கிறார், எந்தப் புத்தகத்திலும் இல்லாத மாதிரி ஒரு டைனோசிஸ்ட் அதில் இருக்கிறதாம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் அது புது இனமாக இருக்காது. கோபப்படாதீர்கள், எனக்கும் இதையேதான் சொன்னார்கள்.

தெரியாதவர்களுக்காக: டைனோஃபிளாஜெல்லேட் என்பது நீரில் மிதக்கிற ஒற்றைச்செல் உயிர். சில இனங்கள் வாழ்க்கையின் ஒரு கட்டத்தில் கெட்டியான உறைக்குள் ஒடுங்கி அடிச்சேற்றில் போய்ப் படுத்துவிடும், நேரம் வந்ததும் உறையில் ஒரு கதவைத் திறந்துகொண்டு வெளியேறிவிடும். நமக்குக் கிடைப்பது அந்த வெறுங்கூடு, அதுதான் சிஸ்ட் அல்லது டைனோசிஸ்ட். (சிஸ்ட் ஆராய்ச்சி என்றதும் எங்கள் வீட்டில் எனக்கு ஸ்கேன் சென்டரில் வேலை என்று நினைத்துவிட்டார்கள்.) 1830களிலேயே எரன்பெர்க் இந்த முள் உருண்டைகளை ஃபிளின்ட் கல்லுக்குள் பார்த்து வேறு ஏதோ பாசி என்று நினைத்தார். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் குழப்பம்தான். 1961-ல் எவிட் என்பவர் அந்தக் கதவையும் முட்கள் அமைந்திருக்கும் ஒழுங்கையும் வைத்து இவை டைனோஃபிளாஜெல்லேட்டின் கூடுகள் என்று காட்டினார். அந்தக் கதவுக்குப் பெயர் ஆர்க்கியோபைல், இன்றைக்கும் நாம் முதலில் தேடுவது அதைத்தான்.

என் கதைக்கு வருகிறேன். பெரம்பலூர் பக்கம் காரையில் எடுத்த களிமண், மேலாக அள்ளியதில் ஒன்றுமே தேறவில்லை, வெயிலும் காற்றும் பட்டு எல்லாம் அழிந்திருந்தது, இன்னும் ஆழமாகத் தோண்டி எடுத்த சாம்பிளில்தான் சிஸ்ட் வந்தது. அதில் மூன்று உருண்டைகளுக்கு முள் நுனி ஓட்டை ஓட்டையாக லேஸ் பின்னல் மாதிரி விரிந்திருந்தது. மற்ற அம்சமெல்லாம் ஏற்கெனவே பெயர் வைத்த ஒலிகோஸ்ஃபெரிடியம் காம்ப்ளெக்ஸ் என்ற இனம் மாதிரியே, அதாவது தகட்டுக்கு (மேற்பரப்பு பிரிந்திருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும்) ஒரு குழல் முள், நடு இடுப்புப் பள்ளத்தில் மட்டும் முள் கிடையாது. நான் ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்கூட யோசித்து வைத்துவிட்டேன். வழிகாட்டி பார்த்துவிட்டு, "மேல் அடுக்குலேயும் கீழ் அடுக்குலேயும் இருக்கிற சாம்பிளைப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன். நாற்பது சொச்சம் கிடைத்தது, சாதா நுனியிலிருந்து லேஸ் நுனி வரை எல்லாப் படியும் அதில் இருந்தது, எங்கே கோடு போட்டுப் பிரிப்பது என்றே தெரியவில்லை. போதாக்குறைக்கு லேஸ் நுனி உள்ளதற்கு 1955-லேயே டெஃப்லாண்டரும் குக்சனும் புல்கெர்ரிமம் என்று பெயர் வைத்திருந்தார்கள்! டைனோஃபிளாஜ் 3 என்ற புதைபடிவ டைனோஃபிளாஜெல்லேட் பெயர்ப் பட்டியலை அன்றைக்கே திறந்து பார்த்திருந்தால் அந்த ராத்திரி தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

அதனால் முள் நீளம், நுனி வடிவம் இவற்றை மட்டும் நம்பாதீர்கள். இன்றும் வாழ்கிற லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம் என்ற இனத்தில் கடல்நீரின் உப்புக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப முள் நீளம் மாறுகிறது. இது தெரியாமல் இருந்தால் ஒரே இனத்தை நாலாகப் பிரித்திருப்போம். ஆர்க்கியோபைல் எந்தத் தகடு கழன்று உண்டானது, தகடுகளின் எண்ணிக்கை, இடுப்புப் பள்ளத்தில் முள் உண்டா இல்லையா, இதெல்லாம்தான் கனமான சாட்சி. தகடு எண்ணும்போது ஒரு பொறி இருக்கிறது: சிஸ்ட் ஒளி ஊடுருவும் பொருள், ஃபோகஸைக் கீழே இறக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தால் இடம் வலம் மாறித்தான் தெரியும். நான் இதில் இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு புதிதுதான் என்றால், தாவரம், பாசி, பூஞ்சைகளுக்கான பெயரிடல் விதித் தொகுப்பைத்தான் பின்பற்ற வேண்டும். ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்து ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு அடையாளமான மூல மாதிரி) என்று குறிக்க வேண்டும், அதன் படம் கட்டாயம், ஸ்லைடு எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதும் வேண்டும் (லக்னோவில் பீர்பால் சஹானி நிறுவனம் இருக்கிறது, அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்ளாதீர்கள்). விவரிப்பு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும், தமிழில் மட்டும் எழுதினால் செல்லாது, என்ன செய்வது. எத்தனை மாதிரி வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, ஆனால் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு போனால் மதிப்பீட்டாளர் விடமாட்டார். ஹோலோடைப் இருக்கும் இடத்தை இங்கிலாண்ட் ஃபைண்டர் (கட்டங்களுக்கு எண் போட்ட கண்ணாடி ஸ்லைடு) கட்ட எண்ணோடு எழுதி வையுங்கள், கூட்டைப் பதித்திருக்கும் கிளிசரின் ஜெல்லி காய்ந்தால் கூடு நகர்ந்தும் போகும், சுருங்கியும் போகும்.

பெயரில் லத்தீன் பால் இலக்கணமும் உண்டு. ஹார்லண்ட் 1979-ல் வெட்செலியெல்லா அகஸ்டா என்று வைத்தது, பின்னர் அபெக்டோடினியம் என்ற பேரினத்துக்குப் போனதும் அகஸ்டம் ஆனது, டினியம் என்று முடிந்தால் அஃறிணை மாதிரி ஒரு பால். இதற்கெல்லாம் லத்தீன் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள்.

அப்புறம், ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் களிமண்ணை வீட்டில் வைத்துக் கரைக்காதீர்கள், அது தோல் வழியாக உள்ளே போய் எலும்பு வரை தாக்கும். உங்கள் படத்தில் ஆர்க்கியோபைலே தெரியவில்லை. ஃபோகஸை மேலிருந்து கீழாக நகர்த்தி ஐந்தாறு படம் எடுத்துப் போடுங்கள், அதே ஸ்லைடில் இருக்கும் மற்ற சிஸ்ட்களையும் சேர்த்து.