பொண்ணு ஐஆர் ஸ்பெக்ட்ரம் பாக்கப் போறேங்கறா, சேர்க்கலாமா?

சார், எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்ச பொண்ணு பிஎச்டின்னு இன்னும் நாலஞ்சு வருஷம் லேப்ல உக்காந்து மேடு பள்ளமா வர்ற ஒரு கோட்டை பாத்துட்டு இருக்கப் போறேன்னா எந்த அப்பாவுக்கும் பக்குன்னுதான் இருக்கும். முதல்ல அந்தக் கோட்டுல என்ன இருக்குன்னு சொல்லிடறேன். ஐஆர்னா இன்ஃப்ராரெட், கண்ணுக்குத் தெரியாத ஒளி, ஒரு பொருள் அதுல எதை எவ்வளவு உறிஞ்சுதுன்னு காட்டற கோடுதான் ஐஆர் ஸ்பெக்ட்ரம்.

கார் புகையை சுத்தப்படுத்தற கன்வர்ட்டர்ல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கும், ரியாக்‌ஷன் எல்லாம் அந்த உலோகத் துகளோட மேற்பரப்புலதான் நடக்குது, அங்க எது எங்க ஒட்டியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. அதனால கார்பன் மோனாக்சைடை உளவு பாக்க அனுப்பறாங்க. தனியா வாயுவா இருக்கும்போது அது 2143 வேவ்நம்பர்ல (ஒரு சென்டிமீட்டர்ல எத்தனை அலைன்னு சொல்ற எண்) இன்ஃப்ராரெட்டை உறிஞ்சும், பிளாட்டினத்துல ஒரே அணு மேல நின்னா சுமார் 2050லேர்ந்து 2090க்குள்ள இறங்கிடும், ரெண்டு அணுவுக்கு நடுவுல பாலம் போட்டு உக்காந்தா 1850 பக்கம் வந்துடும். ஒரு பீக், அதாவது கோட்டுல வர்ற மேடு, நகர்றதை வச்சே மூலக்கூறு எங்க உக்காந்திருக்குன்னு சொல்லிடலாம். இதையே பைரிடின்ங்கற காரப் பொருளை வச்சு பண்ணினா ஜியோலைட்ல, அதாவது நுண்ணிய துளைகள் இருக்கற ஒரு கனிமத்துல, இருக்கற அமிலம் ரெண்டுல எந்த வகைன்னு தெரியும், 1450 பக்கம் வந்தா லூயிஸ், 1540 பக்கம் வந்தா பிரான்ஸ்டெட். ரிஃபைனரில பெரிய மூலக்கூறை உடைக்கறதே இந்த மாதிரி ஜியோலைட்தான், அதனால இது ஏட்டுச் சுரைக்காய் ரகம் கிடையாது.

வேலைன்னு பாத்தா கேட்டலிஸ்ட் (இந்த மாதிரி ரியாக்‌ஷனை வேகப்படுத்தற பொருள்) தயாரிக்கறவங்க, பெட்ரோகெமிக்கல், பாலிமர், மருந்து கம்பெனியோட அனாலிட்டிக்கல் லேப், மெஷின் விக்கற கம்பெனில அப்ளிகேஷன் சயன்டிஸ்ட், இப்படி வழி இருக்கு. ஆனா "எனக்கு ஐஆர் தெரியும்"னு மட்டும் ரெஸ்யூமில போட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க, அந்த மெஷினை ஓட்ட ஒரு வாரத்துல கத்துக்கலாம். கேட்டலிஸ்ட்டை தானே தயாரிச்சு, ரியாக்‌ஷன் ஓடும்போதே ஸ்பெக்ட்ரம் எடுத்து, வெளிய வர்ற கேஸை ஜிசி, மாஸ் ஸ்பெக் மாதிரி கேஸ்ல என்னென்ன இருக்குன்னு சொல்ற மெஷின்ல அளந்து ரெண்டையும் சேர்த்துப் பேசத் தெரிஞ்சவங்களுக்குத்தான் மதிப்பு.

அதனால லேபைத்தான் பாருங்க. சாம்பிளை உள்ள வச்சு சூடு பண்ணி கேஸ் விட்டு ஓட்டற செல் அங்க இருக்கா, ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் வரிசைல நிக்கறாங்க, அவளே கைய வச்சு ஓட்டலாமா இல்ல சாம்பிளை கொடுத்துட்டு வரணுமா, முன்னாடி முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க. கடைசிக் கேள்வியை கைடு கிட்ட கேக்காம ஸ்டூடன்ட்ஸ் கிட்டயே கேக்கச் சொல்லுங்க, அப்பதான் உண்மை வரும்.

இன்னொண்ணு, பொறுமை. கேட்டலிஸ்ட் பொடியை காகிதம் மாதிரி மெல்லிசா அழுத்தி வில்லை போடணும், பத்துல ஏழு உடையும், டிடெக்டருக்கு லிக்விட் நைட்ரஜன் ஊத்தணும், சாம்பிள் பக்கத்துல மூச்சு விட்டாலே 2350 கிட்ட கார்பன் டையாக்சைடு வந்து நிக்கும். என்கிட்ட வந்த ஒரு பையன் நல்ல மார்க்கு, இந்த வில்லை உடையறதுலயே வெறுத்துப் போய் ஆறே மாசத்துல வெளிய வந்துட்டான், அவன்மேல தப்பு சொல்ல மாட்டேன், அந்த வேலை அவனுக்கு ஒட்டல.

அதனால நேரா பிஎச்டில சேர்க்காதீங்க, ரெண்டு மாசம் அந்த லேப்லயே ப்ராஜெக்ட்டுக்கு அனுப்புங்க. முடிச்சுட்டு வந்ததும் சொதப்பின ஒரு ஸ்பெக்ட்ரத்தை எடுத்து வச்சு ஏன் சொதப்பிச்சுன்னு உங்களுக்கு விளக்கச் சொல்லுங்க. நீங்க போதும்மான்னு சொல்றவரைக்கும் அவ பேசினான்னா தாராளமா சேர்த்துடுங்க, ரெண்டு நிமிஷத்துல லேப்டாப்பை மூடிட்டான்னா மறுபடி என்கிட்ட கூட்டிட்டு வாங்க சார்.